ஒரே பெயர், இரண்டு தியேட்டர்

போன மாதம் என் மகன் போன் செய்து, டிவியில் உங்க படத்தைப் போடுகிறார்கள் என்றான். எங்கள் வீட்டில் "உங்க படம்" என்றால் ஒரே ஒரு படம்தான். சாயங்கால வேலைகளை ஒதுக்கிவிட்டு, கால் நீட்ட ஒரு முக்காலியும் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தது ஒரு தொடர் நாடகம். பெயர் மட்டும் அதே பெயர். ஒரு மாமியாரும் ஒரு மருமகளும் மாறி மாறி முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு முறைப்புக்கும் மூன்று தடவை இடி இடித்தது. அரை மணி நேரத்தில் கதை வாசற்படியைத் தாண்டவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெயருக்கு என்ன பஞ்சமா வந்துவிட்டது? பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது நாலு பேரைக் கேட்டு, பஞ்சாங்கம் பார்த்து வைக்கிறோம். இத்தனை பேர் உழைத்து எடுக்கிற படத்துக்கு, ஏற்கெனவே ஒருவர் வைத்த பெயரை அப்படியே தூக்கி வைத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து அந்தப் பெயரில் நாலு வந்தாயிற்று. இரண்டு சினிமா, ஒரு மேடை நாடகம், இப்போது இந்த இடி மின்னல்.

என்ன பெயர் என்று இங்கே எழுத மாட்டேன். அது ஒரு பெண்ணின் பெயர். வடமொழியிலிருந்து தமிழுக்கும் வந்து, கடல் தாண்டி மலாய்க்கும் போய் உட்கார்ந்துகொண்ட பெயர். எங்கள் சொந்தத்தில் அந்தப் பெயரோடு இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் என்னோடு பேச்சுவார்த்தை அவ்வளவு சரியில்லை. எதற்கு வம்பு?

டிவியை அணைத்துவிட்டு யோசித்துப் பார்த்தால், திட்டுவதற்கு எனக்கு உரிமையே இல்லை. சென்னையில் ஒரு கம்பெனியும் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியும், ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒரே பெயரைத் தங்கள் படத்துக்கு வைத்தார்கள். அந்த இரண்டு படமும் ஒரே வாரத்தில் மலாக்காவில் ஓடின. அது மட்டும் நடந்திருக்காவிட்டால், மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் இந்த வீட்டில் இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கமாட்டேன்.

அது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம். பெண்டஹாரா சாலைக் கடைகளின் முகப்பில் கட்டிய காகிதக் கொடிகள் வெயிலில் வெளுத்துப்போன பிறகும் யாரும் கழற்றாமல் விட்டிருந்த காலம். நாங்கள் அந்தச் சாலையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். அப்பா ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவார், ஊசி போடுவார், டாக்டர் இல்லாத நேரத்தில் டாக்டரைவிட அதிகமாக அதட்டுவார். வீட்டில் அவருக்கு ஒரே பெண், நான்.

எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் சாலையில் அந்த வயதில் கல்யாணமாகாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். காரணம் என் மூக்கின் மேலேயே இருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து நான் கண்ணாடி போடுகிறவள். அதுவும் சாதாரணக் கண்ணாடி இல்லை, சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி கனத்தது. அந்தக் காலத்தில் கண்ணாடி போட்ட பெண் என்றால் ஏதோ ஒரு கால் இல்லாதவளைப் போலப் பார்ப்பார்கள்.

முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியும் வடையும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள். கடிதம் வரவில்லை. இரண்டாவதாக வந்த அம்மாள், பிறக்கிற பிள்ளைகளுக்கும் இது வருமா என்று நேரடியாகவே கேட்டார். சொறி சிரங்கைப் பற்றி விசாரிப்பதுபோல் இருந்தது. மூன்றாவது தடவை அம்மா உஷாராகிவிட்டார். காலையிலேயே என் கண்ணாடியைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார். நான் காப்பித் தட்டோடு கூடத்துக்குப் போய், முக்காலி இருக்கிறது என்று நினைத்த இடத்தில் தட்டை வைத்தேன். முக்காலி ஒரு முழம் தள்ளி இருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வெள்ளை வேட்டியோடு துள்ளிக் குதித்தது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது, மங்கலாக.

நானும் அம்மாவும் அதைச் சொல்லிச் சொல்லிப் பிறகு சிரித்திருக்கிறோம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை, அதோடு சரி, அதற்குமேல் யார் வந்தாலும் என் பெண்ணை நிறுத்திவைத்துக் காட்ட மாட்டேன் என்றார். அப்பா சொன்னால் சொன்னதுதான். ஆக, எனக்கு மிச்சம் இருந்தது ஒரு தடவை.

அந்த ஒரு தடவை ஆஸ்பத்திரி வார்டிலிருந்தே வந்தது. அப்பாவோடு வேலை செய்த இன்னொரு டிரெஸ்ஸர், காஜா பெராங்கில் குடியிருந்த மலாக்கா செட்டி. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து ஊன்றிவிட்ட தமிழர்கள் அவர்கள். கோயில், விரதம், பூசை எல்லாம் எங்களைவிட ஒழுங்கு. பேச்சு மட்டும் மலாய். அதற்குள் அங்கங்கே ஒரு தமிழ்ச் சொல் எட்டிப் பார்க்கும். பெண்கள் சாரோங்கும் மேலே கெபாயாச் சட்டையும் உடுத்துவார்கள். அந்த டிரெஸ்ஸரின் அக்காவுக்கு ஒரு மகன். நில அளவை ஆபீசில் வரைபடம் வரைகிற வேலை, இருபத்தெட்டு வயது.

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தமிழ் பேசாத வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டு, சம்பந்தியோடு ஊமைப் பாஷையா பேசுவது என்றார். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, நம் வீட்டு வாசலில் வேறு யாராவது வரிசையில் நிற்கிறார்களா என்று கேட்டார்.

சினிமா யோசனை அம்மாவுடையது. அப்போது ஊரில் அப்படி ஒரு வழக்கம் பரவிக்கொண்டிருந்தது. இரண்டு குடும்பமும் ஒரே ஆட்டத்துக்குப் போக வேண்டும். இடைவேளையில் தற்செயலாகச் சந்தித்ததுபோல் பேசிக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். வீட்டில் பலகாரம் சுட வேண்டாம், மாடிப்படியில் நின்று எட்டிப் பார்க்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம். முக்கியமாக, நான் தட்டு எடுத்துப் போக வேண்டாம். இருட்டுக்குள் கண்ணாடி எதற்கு என்று அம்மா முடிவு கட்டிவிட்டார்.

அப்பாவும் அந்த டிரெஸ்ஸரும் ஒரு நோயாளியின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, மலாயில் பேசி ஏற்பாட்டை முடித்தார்கள். இன்ன பெயர்ப் படம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டம், இடைவேளையில் சோடா விற்கிற இடத்தில். எங்கள் பெண் பச்சைப் புடவை என்றார் அப்பா. என் அக்கா கெபாயா என்றார் அவர். இரண்டு பேரும் எல்லாம் சொன்னார்கள். எந்தத் தியேட்டர் என்று மட்டும் இரண்டு பேரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. எங்கள் அப்பாவுக்குப் படம் என்றால் தமிழ்ப் படம்தான். அது ஆற்றுப் பக்கத்துத் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய நண்பருக்குப் படம் என்றால் சிங்கப்பூரில் எடுத்த மலாய்ப் படம். அது கடற்கரைப் பக்கத்துத் தியேட்டரில். அவரவர் பத்திரிகையில் அவரவர் விளம்பரம். அதே பெயரில் இன்னொன்று இருக்கும் என்று இருவரும் கனவில்கூட நினைக்கவில்லை. தமிழும் மலாயும் ஒரே வார்டில் இடித்துக்கொண்டு வேலை செய்கிற எங்கள் ஊர் ஆட்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும்.

ஞாயிற்றுக்கிழமை என் கண்ணாடி அம்மாவின் கைப்பைக்குள் போய்விட்டது. அம்மா என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் உட்காரவைத்தார். எனக்குத் திரையில் வெள்ளையும் கறுப்புமாக ஏதோ அசைந்தது. குரலை வைத்துத்தான் கதையைப் பின்தொடர்ந்தேன். யாரோ ஒரு பெண்ணை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தது. யார் என்று பார்க்க முடியவில்லை. அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பித் திருப்பிக் கெபாயாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

தேடியவருக்குக் கிடைத்தும்விட்டது. தமிழ் புரியாவிட்டாலும் பாட்டுக்காகவும் அழுகைக்காகவும் செட்டி வீட்டுப் பெண்கள் தமிழ்ப் படத்துக்கு வருவார்கள். இரண்டு வரிசை முன்னால் கெபாயா போட்ட ஒரு அம்மாளும், பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட இளைஞரும் இருந்தார்கள். அம்மா என் விலாவில் இடித்தார். இடைவேளையில் விளக்கு எரிந்ததும் அந்த அம்மாளைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். அவரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். ஆள் நல்ல மாதிரி, மாப்பிள்ளையும் நல்ல உயரம் என்று அம்மா என் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். சோடாக் கடைப் பக்கம் போகும்வரை பொறுக்காமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை என் கையில் திணித்து, போய்க் கொடு என்றார். நான் வெள்ளைச் சட்டை இருந்த திசையை நோக்கி நடந்து, நீட்டினேன். இரண்டு கைகள் வாங்கிக்கொண்டன. ஒரு கையில் வளையல் இருந்தது. அடுத்த நிமிஷம் ஒரு குழந்தை வீல் என்று அழுதது.

அந்த இளைஞரின் மனைவி, குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போயிருந்தவள், திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள். முறுக்கை வாங்கியது அவள்தான்.

அப்பாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவனுக்கா என் பெண்ணைக் கேட்டார்கள், அதனால்தான் அந்த டிரெஸ்ஸர் தலையைக் காட்டவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் உட்காரவில்லை. இரண்டாம் பாதி தொடங்குவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டோம். அப்பா சைக்கிளில் முன்னால் போக, நானும் அம்மாவும் மூன்று சக்கர டிரைஷாவில் ஏறினோம். மிதிக்கிற சீனர், படம் அவ்வளவு மோசமா என்று கேட்டார். நான் அழுதேன். மாப்பிள்ளைக்காக இல்லை, அவரை நான் பார்க்கவே இல்லை. அப்பா சொன்ன அந்த ஒரு தடவையும் போய்விட்டதே என்று அழுதேன்.

(அந்தக் குழந்தையின் தாய் இன்று எனக்கு அடுத்த வீட்டுக்காரி. முறுக்கில் உப்பு கூட என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.)

அதே நேரத்தில் கடற்கரைப் பக்கத்துத் தியேட்டரில் மாப்பிள்ளையும், அவருடைய தாயாரும், தாய்மாமனும் இடைவேளை முழுக்கச் சோடாக் கடை ஓரம் நின்று பச்சைப் புடவையைத் தேடியிருக்கிறார்கள். மலாய்ப் படத்துக்குப் புடவையே அபூர்வம். பிறகு, சொன்ன சொல்லைக் காப்பாற்றாத ஆட்கள் என்று முடிவு செய்து, மீதிப் படத்தையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை வார்டில் இரண்டு டிரெஸ்ஸர்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. ஒருவர் கத்தரிக்கோல் கேட்டால் மற்றவர் மேசை மேல் வைத்துவிட்டு நகர்ந்தாராம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இரண்டு ஆண்களின் ரோஷம் கேட்க விடவில்லை. அதோடு அந்த விஷயம் செத்திருக்க வேண்டியது.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அம்மா காய்கறி வாங்கப் பசாருக்குப் போயிருந்தார். நான் கடை வாசலில், கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் முக்காலி போட்டு, முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாடியில் வெளிச்சம் போதாது. ஒரு டிரைஷா வந்து நின்றது. கெபாயாவும் கையில் கறுப்புக் குடையுமாக ஒரு அம்மாள் இறங்கினார். நல்ல பருமன். குடையை ஊன்றிக்கொண்டு, டிரெஸ்ஸர் வீடு இதுதானா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டார். எடுத்த எடுப்பில் அதுதான் கேள்வி.

எனக்கு யாரென்று புரிந்துவிட்டது. நாலு நாளாக உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்ததெல்லாம் நாக்குக்கு வந்துவிட்டது. நான் வளர்ந்த சாலையில் மலாய் பேசாமல் உப்புகூட வாங்க முடியாது. அதனால் அவருக்குச் சளைக்காமல் பேசினேன். நாங்கள் வந்தோம், நீங்களும் இருந்தீர்கள், உங்கள் மகனும் இருந்தார், உங்கள் மருமகளும் பேரப்பிள்ளையும்கூட இருந்தார்கள், பிள்ளை அழகாக இருக்கிறது என்றேன்.

அந்த அம்மாள் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கடைக்காரரின் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். என் மகனுக்கு மனைவியா, வீட்டில் பூனைகூட வளர்க்க விடமாட்டான், பேரப்பிள்ளைக்கு நான் எங்கே போவேன் என்றார். அப்புறம் சந்தேகத்தோடு என்னை ஏற இறங்கப் பார்த்து, படத்தில் என்ன நடந்தது, சொல் பார்ப்போம் என்றார். பொய் சொல்கிறேனா என்று சோதிக்கத்தான் கேட்டார்.

ஏமாற்றப்பட்ட பெண், கோயில் வாசலில் அழுகிறாள் என்றேன். கோயிலே கிடையாதே, மீன்பிடிப் படகல்லவா என்றார். படகு வரவில்லை, ரயில் வந்தது என்றேன். ரயிலா என்றார். மாமனார் துப்பாக்கியோடு நிற்பாரே என்றார். மாமனார் முதல் பாட்டிலேயே செத்துவிட்டாரே என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில், எந்தத் தியேட்டர் என்று கேட்டோம்.

அவர் சிரித்த சிரிப்பில் துணிக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். கெபாயாவின் ஊசி கழன்றுவிடும்போல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வந்து, துடைப்பதற்காகக் கையைத் தூக்கியபோதுதான் உறைத்தது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தேன். பழைய வீட்டுப் புடவை, மடியில் உமி, மூக்கின் மேல் சோடா பாட்டில். அவசரமாகக் கழற்றப் போனேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கழற்றிவிட்டால் அரிசியில் கல்லை யார் பார்ப்பது என்று கேட்டார். கேட்டுவிட்டு முறத்தைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு, அவரும் பொறுக்கத் தொடங்கினார். அப்புறம் அந்த ரயிலில் யார் வந்தது என்றார்.

அந்தக் காலைக்காக நான் அந்த அம்மாளுக்கு எத்தனை ஜென்மத்துக்கு நன்றி சொன்னாலும் போதாது. அவர் வராமல் இருந்திருக்கலாம். வராமல் இருப்பதுதான் அன்றைய மரியாதை. மாப்பிள்ளை வீட்டார் இறங்கி வந்து கேட்கிற வழக்கம் எங்கேயும் கிடையாது. எனக்கு மனசு கேட்கவில்லை, ஏன் என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை, அதனால் டிரைஷா பிடித்து வந்தேன் என்று பிறகு சாதாரணமாகச் சொன்னார். அந்தத் தூக்கமின்மையால்தான் என் வாழ்க்கை அமைந்தது.

ரயிலில் வந்தது யார் என்பதை அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டோமே. பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் போட்டிருப்பார்கள். அதுவும் சரியாக அந்த இடத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். அவருக்குப் பொறுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உங்கள் படத்துக்குப் போவோம், எனக்குத் தமிழ் தெரியாது, நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்றார். பசாரிலிருந்து வந்த அம்மா, கூடையைக் கீழே வைக்காமலே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை இந்தத் தடவை தியேட்டர் பெயரை இரண்டு டிரெஸ்ஸர்களும் மூன்று மூன்று முறை சொல்லிக்கொண்டார்களாம். நான் கண்ணாடியோடு போனேன். கதை சொல்கிறவள் படத்தைப் பார்க்க வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போட்டுக்கொண்டேன். அந்த அம்மாள் என்னை வலது பக்கம் உட்காரவைத்துக்கொண்டார். இடது பக்கம் அவருடைய மகன். தலை வாரியிருந்த விதமும், முழங்கால் மேல் அடக்கமாக வைத்திருந்த மையேறிய விரல்களும் எனக்கு நன்றாகத் தெரிந்தன.

படம் தொடங்கியதும் நான் அவர் காதோடு மலாயில் சொல்லிக்கொண்டே போனேன். இவன் பொய் சொல்கிறான், இவள் நம்பிவிட்டாள், அந்தக் கடிதம் அவள் கைக்குப் போகவில்லை. முன் வரிசையில் இருந்த செட்டி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் நான் இரண்டு வரிசைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் உஸ் என்றார். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அடங்கிவிட்டார். பாட்டு வந்தபோது நான் நிறுத்தினேன். அப்போது அவருடைய மகன் குனிந்து, முதன்முதலாக என்னிடம் பேசினார். பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். ஒரே விஷயத்தை நாலு நிமிஷமாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்றேன். அவர் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு.

ஆட்டம் முடிந்து சோடாக் கடைப் பக்கம் வந்து நின்றோம். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தோம். நின்று, காட்டப்பட்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. அந்த அம்மாள் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, மலாயில், கறிகாய் விலை கேட்பதுபோல் கேட்டார்.

"காவ் சுகா தியா?"

உனக்கு அவனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, அவளுக்கு என்ன தெரியும், நாங்கள் சொல்வதுதான் என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் குடையைக் கொஞ்சம் உயர்த்தினார். அப்பா நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரைவிட அதிகமாக அதட்டுகிற என் அப்பா.

மூன்று வீட்டார் என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். என் கண், என் நிறம், என் சமையல், என் வயசு எல்லாம் கேட்டார்கள். எனக்கு யாரையாவது பிடிக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, உங்கள் படத்தையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேனே என்றேன்.

அம்மா பின்னாலிருந்து என் இடுப்பில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது. அந்த அம்மாள் மட்டும் தலையை ஆட்டி, நியாயம்தான் என்றார்.

அந்த ஒரு வாரமும் வீட்டில் எனக்குத் திட்டுதான். கிடைத்த நல்ல இடத்தை வாயால் கெடுத்துவிட்டாய் என்று அம்மா அடுப்போடு சேர்த்து என்னையும் ஊதினார். எனக்கே உள்ளூரப் பயம்தான். அந்த மாதிரி ஒரு கேள்விக்கு இப்படி ஒரு பதிலைச் சொன்ன பெண்ணை யார் எடுப்பார்கள்? இருந்தாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கத்துத் தியேட்டருக்குப் போனோம். அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். வாழையிலையில் கட்டிய குவே பலகாரம் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார்கள். இந்தத் தடவை அவருடைய மகன் எனக்குப் பக்கத்தில். மலாய்ப் படம் எனக்கு முழுவதும் புரியும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் படகு வந்ததும் என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, தமிழில் சொன்னார்.

"இவன்... நல்லது இல்ல."

படகில் வந்தவன் வில்லன். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா நிறைய அழுது" என்றார். துப்பாக்கியோடு மாமனார் வந்தபோது, "பயம் வேணாம்" என்றார். எனக்கா, தனக்கா என்று தெரியவில்லை. ஒரு வாரமாக, வார்டு நோயாளிகளிடம் கொஞ்சம் தமிழ் கற்றிருந்த தாய்மாமனிடமும், பெண்டஹாரா சாலையில் ஒரு புகையிலைக் கடைக்காரரிடமும் போய்ப் போய்க் கேட்டுச் சேர்த்த தமிழ் அது. கைக்குட்டைக்குள் ஒரு காகிதத் துண்டை மடித்து வைத்துக்கொண்டு இருட்டில் அதைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். நான் அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும், தெரியாததைத் தெரிந்துகொள்கிறவள்போல், அப்படியா என்றேன்.

வெளியே வந்ததும் அந்த அம்மாள் மறுபடியும் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. நானே அவர் எதிரில் போய் நின்று, "சுகா" என்றேன். அவர் குடையை மகனிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அப்பா தன் நண்பரைப் பார்த்தார், நண்பர் அப்பாவைப் பார்த்தார். இரண்டு பேரும் சோடா வாங்கப் போனார்கள். அப்பா கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்திய சத்தம் எங்களுக்குக் கேட்டது.

திரும்பும்போது நானும் அம்மாவும் டிரைஷாவில் வந்தோம். அப்பா வழக்கம்போல் சைக்கிளில் முன்னால் போனார். அம்மா தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் என்று நினைத்தேன். பாலத்துக்குக் கிட்டே வந்தபோது, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. என்னைய யாரும் கேக்கலலா."

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். அம்மா பாலம் முடிகிறவரை அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பிடிச்சிருக்குன்னுதான் சொல்லிருப்பேன்," என்றார். "இருந்தாலும் கேட்டிருக்கலாம்."

அப்பா சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வளைவில் திரும்பினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.